டோக்கனைத் தர மறுத்த காடு

ஒரு காட்டில் ராஜா பதவி பதினோரு வருஷமாகக் காலியாகக் கிடந்தது. பழைய சிங்கம் ஓய்வு பெற்றுப் போன பிறகு புதுச் சிங்கம் யாரும் வந்து சேரவில்லை. வருகிறவரைக்கும் பார்த்துக்கொள்ளட்டும் என்று கரடி கரியமாணிக்கத்திடம் கூடுதல் பொறுப்பைக் கொடுத்திருந்தார்கள். கரியமாணிக்கம் ஒழுங்கான கரடி. தேனடையைப் பிய்ப்பதற்கு முன்னால் தேனீக்களுக்கு மூன்று நாள் நோட்டீஸ் கொடுக்கிற அளவுக்கு ஒழுங்கு.

அந்த வருஷக் கோடை காட்டையே பொரித்தெடுத்தது. ஓடை வற்றியது. சுனை வற்றியது. கடைசியில் அம்மிப்பாறைக்குக் கீழே ஒரே ஒரு குட்டை மிஞ்சியது. மொத்தக் காடும் அதில் வந்து விழுந்தது. காட்டெருமை இடித்ததில் ஒரு முயலுக்குக் காது மடங்கிப்போனது. யானை பெருந்தேவி இறங்கியபோது பாதித் தண்ணீர் கரையேறிவிட்டது. கரியமாணிக்கம் பார்த்தார். உடனே டோக்கன் முறையைக் கொண்டுவந்து, அம்மிப்பாறையில் விதிகளை எழுதி வைத்தார்.

கவுண்டரில் தினமும் ஒரு டோக்கன் வாங்க வேண்டும். அது அன்று மாலையோடு செல்லாது. குட்டை வாசலில் டோக்கனைக் கொடுத்துவிட்டுத்தான் தண்ணீரில் வாய் வைக்க வேண்டும். வரிசையில் நிற்கும்போது முன்னால் நிற்பவரைத் தின்னக் கூடாது. இந்தக் கடைசி விதிக்குக் கீழே மட்டும், சிறுத்தையின் பார்வைக்காக, இரண்டு கோடு போட்டிருந்தது.

கவுண்டரில் உட்கார முள்ளம்பன்றி கூர்மதியைப் போட்டார்கள். அவளுக்கு எழுதத் தெரியும். எழுதுகோலும் அவள் முதுகிலேயே இருந்தது, யாரும் வாங்கித் தர வேண்டியதில்லை. விழுந்து கிடந்த இலுப்பை மரத்தின் பொந்துதான் கவுண்டர். தேக்கிலையைக் கிழித்து, ஒரு முள்ளால் நம்பரைக் கீறி, வெளியே நீட்ட வேண்டும். குட்டை வாசலில் மந்தி மாரிக்கண்ணு நின்று அதை வாங்கி, கிழித்து, ஒரு குழியில் போடுவாள்.

கூர்மதிக்கு ஒரு ரகசியம் உண்டு. அவள் பாட்டுக் கட்டுவாள். பெரிய பாட்டு ஒன்றுமில்லை, நாலே நாலு வரி. மழையைப் பார்த்தால் நாலு வரி, மரங்கொத்தியைப் பார்த்தால் நாலு வரி, காலையில் எழுந்ததும் முதுகு அரித்தால் அதற்கும் நாலு வரி. இதுவரை ஒருத்தரிடமும் சொன்னதில்லை. அந்தக் காட்டில் கவிஞர் என்றால் ஒரே ஒருவர்தான், நரி நாவரசு. 'வனக்கவிச் செம்மல்' என்ற பட்டத்தை அவரே யோசித்து, அவரே வழங்கி, அவரே ஏற்றுக்கொண்டிருந்தார். அவருடைய கவிதைகள் எல்லாம் 'ஓ' என்று தொடங்கும். நரி என்பதால் அது சிரமமில்லாமல் வந்தது. அப்படிப்பட்டவர் வாழும் காட்டில், முதுகு அரிப்பைப் பாடுகிறவள் எந்த முகத்தோடு வாயைத் திறப்பாள்?

மூன்றாம் நாள் ஆமை வேகமுத்து கவுண்டருக்கு வந்து சேர்ந்தார். முதல் நாளே வரிசையில் சேர்ந்தவர்தான். பின்னால் நின்ற காட்டெருமைக்குப் பொறுமை போய்விட்டது.

"யோவ், நகருய்யா! உனக்குப் பின்னாடி நின்னு நின்னு என் கன்னுக்குட்டிக்குக் கொம்பு முளைச்சிடுச்சு!"

வேகமுத்து தலையை ஓட்டுக்குள் இழுத்துக்கொண்டார். உள்ளேயிருந்து விசும்பல் கேட்டது.

கூர்மதிக்கு மனசு கேட்கவில்லை. இலையில் 212 என்று கீறினாள். கொடுக்கப்போனவள், என்ன தோன்றியதோ, இலையைத் திருப்பினாள். பின்பக்கம் காலியாக இருந்தது. முள் தானாக ஓடியது.

ஆமை வந்து சேர்வதற்குள்
ஆறு கோடை போயாச்சு;
'லேட்டாச்சா?'ன்னு கேட்டார் பாரு,
காலண்டருக்கே சிரிப்பாச்சு.

இலையை ஓட்டுக்குள் தள்ளினாள்.  திட்டப்போகிறார் என்று கூர்மதி கண்ணை மூடிக்கொண்டாள். அப்புறம் ஓடு குலுங்கத் தொடங்கியது. வேகமுத்து தலையை நீட்டி, கண்ணில் நீர் வழிய, "காலண்டருக்கே! காலண்டருக்கே!" என்று சிரித்தார். காட்டெருமை எட்டிப் படித்தது. அது சிரித்த சிரிப்பில் கவுண்டர் ஆடியது. பின்னால் நின்றவர்கள் "என்ன, என்ன?" என்று கேட்க, நாலு வரி வாய்க்கு வாய் தாவி வரிசையின் கடைசி வரைக்கும் போனது. போன இடமெல்லாம் சிரிப்பு.

தன் வரிக்கு மற்றவர்கள் சிரிப்பதைக் கூர்மதி அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டாள். முதுகில் இருந்த அத்தனை முள்ளும் சலசலவென்று ஆடின. தலை கிறுகிறுத்தது. யாராவது தொட்டிருந்தால் பறந்தே போயிருப்பாள், ஆனால் முள்ளம்பன்றியை யார் தொடுவார்கள்?

காட்டெருமை கொம்பைத் தாழ்த்திக்கொண்டு கேட்டது. "ஏம்மா... என் டோக்கன்லயும் ஏதாவது எழுதுவீங்களா?"

எழுதினாள். அதற்கு எழுதினாள், அதற்குப் பின்னால் நின்றதற்கு எழுதினாள், மத்தியானச் சாப்பாட்டை மறந்து எழுதினாள். மரங்கொத்திக்கு எழுதியது இது:

டொக்டொக் என்று தட்டுகிறார்
மரங்கொத்தி மாமா;
உள்ளேயிருந்து புழு கேட்குது,
'அப்புறம் வரலாமா?'

மான் செண்பகம் போன வருஷம்தான் கல்யாணமாகி வந்தவள். அவளுடைய இலையில்:

புள்ளி எத்தனை என்று எண்ணினான்
புதுசாய் வந்த மாப்பிள்ளை;
எண்ணி முடிக்கும் முன்னே அவளுக்கு
எட்டு மாசப் பிள்ளை.

செண்பகத்துக்கு வெட்கம் தாங்கவில்லை. இலையால் முகத்தை மூடிக்கொண்டு ஓடினாள். யானை பெருந்தேவியோ தன்னுடையதை நாலு தடவை படித்தாள், ஐந்தாவது தடவை மரத்தில் சாய்ந்து படித்தாள், மரம் விழுந்தது.

குளிக்க இறங்கினா பெருந்தேவி,
குட்டை கரையில் ஏறி நின்னுச்சு;
'முடிச்சதும் கூப்பிடுங்க அக்கா,
முதுகைத் திருப்பிக்கறேன்'னு சொன்னுச்சு.

சாயங்காலம் மந்தி மாரிக்கண்ணு மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"கூர்மதிக்கா, என் குழியில ஒரு இலைகூட விழலை!"

"ஏன், கூட்டம் வரலையா?"

"கூட்டமெல்லாம் வந்தாச்சு. வாசல்ல நிக்குது. நாக்கைத் தொங்கப் போட்டுக்கிட்டு நிக்குது. டோக்கனைக் குடுன்னா மட்டும் ஒருத்தரும் குடுக்க மாட்டேங்கறாங்க. வந்து பாருங்க."

கூர்மதி போய்ப் பார்த்தாள். குட்டை நிறையத் தண்ணீர். வாசல் நிறைய மிருகங்கள். எல்லோரும் ஆளுக்கொரு இலையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டிருந்தார்கள். பெருந்தேவி தும்பிக்கையைச் சுருட்டி, அதற்குள் இலையைப் பத்திரமாக வைத்திருந்தாள். தும்பிக்கையில் இலை இருந்ததால் தண்ணீரை உறிஞ்சவும் வழியில்லை.

"டோக்கனைக் குடுங்க பெருந்தேவிக்கா," என்றாள் மாரிக்கண்ணு.

"குடுத்தா என்ன பண்ணுவே?"

"கிழிச்சுக் குழியில போடுவேன். அதுதானே விதி."

"அப்ப எனக்குத் தண்ணி வேண்டாம். தண்ணி நாளைக்கும் கிடைக்கும். குட்டை முதுகைத் திருப்பிக்கிட்ட பாட்டு நாளைக்குக் கிடைக்குமா?"

"மனப்பாடம் பண்ணிக்குங்களேன். யானைக்கு இல்லாத ஞாபகசக்தியா?"

"மனப்பாடம் எப்பவோ ஆயிடுச்சு. அதனால என்ன? இது என் பேர் போட்ட இலை மாரிக்கண்ணு. அறுபது வருஷமா இந்தக் காட்டுல என்னைப் பார்த்தா எல்லாரும் 'நகருங்க, நகருங்க'ன்னுதான் சொல்லியிருக்காங்க. ஒருத்தராவது எழுதியிருக்காங்களா?"

கூர்மதிக்கு ஒரு கண்ணில் சந்தோஷமும் இன்னொரு கண்ணில் பயமும் வந்தன. இத்தனை பேர் தன் வரியைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இத்தனை பேரும் தாகத்தோடு நிற்கிறார்கள். முள் நிமிர்வதா படுப்பதா என்று தெரியாமல் பாதி நிமிர்ந்து நின்றது.

அவள் நேரே கரியமாணிக்கத்திடம் ஓடினாள். "சார், ஒரு யோசனை. ஆளுக்கு ரெண்டு இலை எழுதித் தர்றேன். ஒண்ணு வச்சுக்க, ஒண்ணு குழிக்கு."

கரியமாணிக்கம் கண்ணாடியை மூக்கில் ஏற்றினார். "ஒரே நம்பர்ல ரெண்டு இலைன்னா அதுக்குப் பேர் போலி டோக்கன் கூர்மதி. போலி டோக்கன் ஒழிப்புக் குழுவுக்கு நான்தான் தலைவர். அப்புறம் என்னை நானே துரத்திப் பிடிக்கணும். இந்த வெயில்ல முடியாதும்மா." அங்கேயே ஓர் ஆணை எழுதினார். நாளை முதல் டோக்கனின் பின்பக்கத்தில் எதுவும் எழுதக் கூடாது.

மறுநாள் காலை முதல் ஆளாக நின்றது செண்பகத்தின் நாத்தனார். இலையை வாங்கினாள், திருப்பினாள், மறுபடி திருப்பினாள்.

"இதென்ன, பின்பக்கம் வெறுமையா இருக்கு?"

"ஆணைங்க. எழுதக் கூடாதாம்."

"நேத்து எங்க அண்ணிக்கு எழுதினீங்க. அவ புள்ளியை எண்ணினீங்க. என் புள்ளியில என்ன குறை?" அவள் இலையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். பின்னால் நின்ற காட்டுக்கோழி உட்கார்ந்தது. அதற்குப் பின்னால் கீரி. பத்து நிமிஷத்தில் வரிசை முழுக்க உட்கார்ந்துவிட்டது. யாரோ ஒருத்தர் குரல் கொடுக்க, காடு அதிர்ந்தது.

"வேண்டும் வேண்டும்!"

"பின்பக்கம் வேண்டும்!"

நேற்றே பாட்டு வாங்கியவர்களும் சேர்ந்து கத்தினார்கள். அவர்களுக்கு இன்றைய பாட்டு வேண்டுமாம். கத்திக் கத்தித் தொண்டை வறண்டது. அப்படியும் ஒருத்தர்கூட வெறும் இலையைத் தொடவில்லை. மாலையில் கரியமாணிக்கம் முந்தைய ஆணையை ரத்து செய்து புது ஆணை போட்டார். கூர்மதி அதைப் படித்தாள். 'டோக்கனில் கவிதை எழுதலாம். ஆனால் அக்கவிதை யாரும் வைத்துக்கொள்ள விரும்பாத தரத்தில் இருத்தல் வேண்டும்.'

"மோசமா எழுதணுமா சார்?"

"ஆமாம். கூசாம எழுதுங்க. பொது நலன்."

கூர்மதி மனசைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். அடுத்த நாள் காலை முதலில் வந்தது காட்டுப்பன்றி. வாட்டசாட்டமான ஆள், முரட்டுப் பேர்வழி. அதற்கு இப்படி எழுதி நீட்டினாள்:

பன்றி பன்றி பன்றி
பன்றி பன்றி பன்றி
பன்றி பன்றி பன்றி
நன்றி.

காட்டுப்பன்றி படித்தது. அதன் கோரைப்பல் நடுங்கியது. "எனக்கா?" என்றது. "எனக்கு யாருமே நன்றி சொன்னதில்லைங்க. கிழங்கைத் தோண்டினியா, வேலியை உடைச்சியான்னுதான் கேட்பாங்க." இலையை நாக்கால் தடவி நெற்றியில் ஒட்டிக்கொண்டு, நெஞ்சை நிமிர்த்தி நடந்தது. வரிசையில் எல்லோரும் எழுந்து வழிவிட்டார்கள். "எனக்கும் அந்த மாதிரி! பேரை ஒன்பது தடவை போட்டு!" என்று கீரி குதித்தது.

கூர்மதி இன்னும் மோசமாக முயன்றாள். எதுகையை உடைத்தாள், புதுமை என்றார்கள். நாலாவது வரியை எழுதாமல் விட்டாள், சஸ்பென்ஸ் என்றார்கள். ஓணானுக்கு எழுதிய இலையில் கைதவறி ஒரு கோடு மட்டும் விழுந்தது. ஓணான் அதை வெகு நேரம் பார்த்துவிட்டு, "என்னோட வாலை அப்படியே பிடிச்சுட்டீங்க" என்றது.

அன்று மதியம் செண்பகம் மயங்கி விழுந்தாள். முழுசாக மூன்று நாள் தண்ணீர் இல்லை. குட்டை வாசலிலேயே, தண்ணீருக்குப் பத்தடி தூரத்தில், பல்லிடுக்கில் இலையோடு கிடந்தாள். அவளுடைய குட்டி அவளை முட்டி முட்டிப் பார்த்தது.

கூர்மதி ஓடினாள். "செண்பகம், செண்பகம்! இலையை விடும்மா. குடுத்துட்டுத் தண்ணி குடி. நான் வேற எழுதித் தர்றேன்." இலையைப் பிடித்து இழுத்தாள். நினைவில்லாமல் கிடந்தவளின் பல் இன்னும் இறுகியது. மாரிக்கண்ணு இரண்டு கை தண்ணீரை அள்ளப் போய்விட்டு, விதியை நினைத்துக் கரியமாணிக்கத்தைப் பார்த்தாள். கரியமாணிக்கம் விதியைப் பார்த்தார். அதில் மயக்கத்தைப் பற்றி ஒன்றும் எழுதியிருக்கவில்லை.

கூர்மதியின் முள்ளெல்லாம் படுத்துவிட்டன. நாலு வரி. பொழுது போகாமல் எழுதிய நாலு வரி. அதற்காக ஒரு குட்டி தாயில்லாமல் நிற்கப் போகிறதா? வேண்டாம், இந்தக் காட்டுக்கு என் பாட்டு வேண்டாம். யாருமே வைத்துக்கொள்ள மாட்டாத பாட்டு வேண்டும். கையில் பட்டதும் உதறிவிட்டு ஓடுகிற மாதிரி.

அப்படி நினைத்ததும் அவளுக்குப் போன வசந்த விழா ஞாபகம் வந்தது. நாவரசு மேடையேறி முதல் 'ஓ' சொன்னதும் இருநூறு பேர் இருந்த இடம் காலியானது. வேகமுத்துகூட ஓடினார். ஆமை ஓடி அவள் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

நாவரசின் குகை மேட்டில் இருந்தது. அவர் ஒரு பாறைமேல் தாடையில் பாதம் வைத்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவளைக் கண்டதும் தூரத்தை இன்னும் உன்னிப்பாகப் பார்த்தார்.

"வாங்க, டோக்கன் கவிதாயினி! இலைக்குப் பின்னாடி கிறுக்கறதெல்லாம் கவிதைன்னா, முதுகைச் சொறியறது நாட்டியமா? சொல்லுங்க."

கூர்மதிக்கு ஒரு முள் நிமிர்ந்தது. அதைப் பிடித்து அமுக்கினாள். கீழே செண்பகம் கிடக்கிறாள்.

"ஐயா, நீங்க சொல்றது சரிதான். எனக்குக் கவிதை வரலை. காடு தவிக்குது. உங்க கவிதையை டோக்கன்ல போட அனுமதி கேட்டு வந்திருக்கேன்."

நாவரசின் காது திரும்பியது.

"உங்க கவிதைக்கு ஒரு சக்தி இருக்குங்கய்யா. கேட்டவங்க ஒருத்தரும் உட்கார்ந்த இடத்துல இருக்க மாட்டாங்க. நானே கண்ணால பார்த்திருக்கேன்."

"அது உண்மைதான்," என்றார் நாவரசு மெல்ல. "நிறையப் பேருக்கு அந்த உணர்ச்சியைத் தாங்க முடியறதில்லை."

"தாங்கவே முடியலைங்கய்யா."

"ஒவ்வொரு இலையிலயும் பட்டத்தோட என் பேர் வரணும்."

"முதல்லயே போட்டுடறேன்."

"நான் சொல்லுவேன், நீங்க எழுதணும். என் பாதத்துக்குச் சிந்திச்சுத்தான் பழக்கம்."

கூர்மதி தன் முதுகிலிருந்து நல்ல முள்ளாக ஒன்றைப் பிடுங்கினாள். நாவரசு வானத்தைப் பார்த்தார். மூக்கு விடைத்தது.

ஓ பிரபஞ்சமே!
என் மௌனத்தின் விலா எலும்பில்
நீ ஏன்
நீலமாய்த் துருப்பிடிக்கிறாய்?
ஓ!

"எழுதிட்டீங்களா? கடைசி 'ஓ' முக்கியம். அதை நீளமா எழுதுங்க."

நீளமாக எழுதினாள். முதல் 'ஓ'வில் பல்லைக் கடித்தாள். இரண்டாவது 'ஓ'வில் கொஞ்சம் அழுகை வந்தது. முந்நூறு இலைக்கு அறுநூறு 'ஓ', மீதியை இரவில் எழுதிக்கொள்ளலாம். முதல் இலையை எடுத்துக்கொண்டு உருண்டு புரண்டு குட்டைக்கு ஓடினாள். செண்பகத்தின் காதருகே குனிந்து நிறுத்தி நிதானமாகப் படித்தாள். 'நீலமாய்த் துருப்பிடிக்கிறாய்' என்ற இடத்தில் செண்பகத்தின் இமை துடித்தது. நீளமான 'ஓ'வில் அவள் துள்ளி எழுந்தாள்.

"என்னது அது? எங்கே வச்சிருக்கீங்க? எடுத்துட்டுப் போங்க!"

"இதுதான் உன்னோட புது டோக்கன். மாரிக்கண்ணுகிட்ட குடுத்தாப் போதும்."

செண்பகம் அதைப் பிடுங்கி மாரிக்கண்ணுவின் முகத்தில் எறிந்துவிட்டுத் தண்ணீருக்குள் பாய்ந்தாள். பல்லிடுக்கில் இருந்த பழைய இலை இப்போது அவள் கொம்பில்லாத நெற்றியில் பத்திரமாக ஒட்டிக்கொண்டிருந்தது. அவள் குடித்துக்கொண்டே இருந்தாள். குட்டியும் பக்கத்தில் நின்று குடித்தது. கூர்மதி கரையில் உட்கார்ந்து அந்தக் கடக் கடக் சத்தத்தைக் கேட்டாள். அதைவிட நல்ல சந்தத்தில் அவள் ஒன்றும் எழுதியதில்லை.

அடுத்த நாள் வரிசை நகர்ந்தது என்று சொன்னால் போதாது. வரிசை பறந்தது. காட்டெருமை இலையைத் திருப்பியது, இரண்டு வரி படித்தது, அக்கம்பக்கம் பார்த்தது. அப்புறம் "பிடி, பிடி, சீக்கிரம் பிடி!" என்று கத்திக்கொண்டே வாசலுக்கு நாலுகால் பாய்ச்சல். சிறுத்தை பின்னால் யாரோ துரத்துவதுபோல ஓடியது. பெருந்தேவி படிக்கவே இல்லை, இலையைக் கண்ணை மூடியபடி வாங்கி, தும்பிக்கை நுனியால் தள்ளித் தூக்கிக்கொண்டு போனாள். வேகமுத்து கால் மணி நேரத்தில் குட்டையை அடைந்தார். மாரிக்கண்ணுவின் குழி நிரம்பி, பக்கத்தில் இன்னொரு குழி தோண்ட வேண்டியதாயிற்று. குடிக்க வேண்டியவர்கள் எல்லோரும் மத்தியானத்துக்குள் குடித்து முடித்துவிட்டார்கள். புகார் ஒன்றே ஒன்றுதான் வந்தது. கவிதையின் பக்கத்தை உள்ளே வைத்து மடித்துக் கொடுக்க முடியுமா என்று கேட்டிருந்தார்கள்.

இருபது நாள் இப்படியே போனது. கூர்மதி தினமும் மேட்டுக்குப் போய் 'ஓ' எழுதி வந்தாள். ஒருத்தரும் சாகவில்லை. இருபத்தோராம் நாள் மழை கொட்டியது.

கரியமாணிக்கம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். வனக்கவிச் செம்மல் நாவரசு அவர்களின் கவிதைகள் நடைமுறைக்கு வந்தபின் குடிநீர் வழங்கல் வரலாறு காணாத வேகம் பெற்றதென்று அதில் இருந்தது. மேலிடம் மகிழ்ந்தது. அம்மிப்பாறையில் விழா ஏற்பாடானது. மைக் செட் வந்தது, வாழையிலைப் பொன்னாடை வந்தது, 'தாகம் தீர்த்த தண்டமிழ்' என்று புதுப்பட்டம் வந்தது. முதன்முறையாக வேறொருவர் கொடுத்த பட்டம் என்பதால் நாவரசுக்குக் கண் கலங்கியது.

"ஏற்புரையாக ஒரு கவிதை," என்றார் மைக்கில். "ஓ..."

அவ்வளவுதான். சுற்றிலும் ஓடை நிறைய, பள்ளம் நிறைய, குளம்புத் தடம் நிறையத் தண்ணீர். மொத்தக் கூட்டமும் எழுந்து ஓடிப்போய் வாய் வைத்துக் குடித்தது. விழாவுக்குத் தலைமை தாங்கிய கரியமாணிக்கம் முதல் வரிசையிலிருந்து ஓடியதால் குடிப்பதிலும் முதலாக இருந்தார். பாறையில் மிஞ்சியது கூர்மதி மட்டும். இருபது நாள் எழுதியதில் அவளுக்கு 'ஓ' மரத்துப்போயிருந்தது.

நாவரசு மைக்கைப் பொத்திக்கொண்டு கேட்டார். குரல் குழைந்திருந்தது. "ஏம்மா கூர்மதி, உண்மையைச் சொல்லுங்க. எல்லாரும் ஏன் ஓடறாங்க?"

அவர் முகத்தைப் பார்த்தாள். பொன்னாடை ஒருபக்கம் நழுவியிருந்தது. அதை எடுத்துச் சரிசெய்துவிட்டாள்.

"தாகம் ஐயா."

"என் கவிதை தாகத்தை உண்டாக்குதா?"

"அடக்க முடியாத தாகம்ங்கய்யா."

நாவரசு பொன்னாடையை இழுத்துவிட்டுக்கொண்டார். பிறகு மைக்கிலிருந்து கையை எடுத்து, காலியான காட்டுக்கு இன்னும் பதினோரு கவிதைகள் வாசித்தார்.

கூர்மதிக்கும் அன்று ஒரு கௌரவம் காத்திருந்தது. விழா முடிந்ததும் கரியமாணிக்கம் ஒரு குற்றக் குறிப்பாணையை நீட்டினார். 'பணி நேரத்தில் நன்றாக எழுதி, அதன் மூலம் குடிநீர் வழங்கலுக்கு இடையூறு விளைவித்தது. ஏழு நாளில் எழுத்து மூலம் விளக்கம் தர வேண்டும். விளக்கத்தைக் கோப்பில் வைத்தபின் தண்டனை முடிவு செய்யப்படும்.'

கூர்மதி விளக்கம் எழுதினாள்:

எழுதக் கூடாதென்று எண்ணித்தான்
இலையைக் கையில் எடுத்தேன்;
கரடி ஒன்று கண்ணில் பட்டது,
கைமீறி நாலடி தொடுத்தேன்.

கரியமாணிக்கம் அதை வாங்கிக்கொண்டு பாறைக்குப் பின்னால் போனார். கொஞ்ச நேரம் பாறை குலுங்கியது. திரும்பி வந்தபோது முகம் கடுமையாக இருந்தது. இலை அக்குளில் இருந்தது. கோப்பைத் திறந்து, 'விளக்கம் இன்னும் வரப்பெறவில்லை' என்று எழுதினார். அடுத்த வாரம் நினைவூட்டல் அனுப்பினார். கூர்மதி பதில் அனுப்பினாள்:

தேன் வேண்டுமென்று கரடியார்
தேனீயிடம் மனுக் கொடுத்தார்;
பரிசீலித்துப் பதில் வந்தது,
பத்து இடத்தில் வீங்கிப் படுத்தார்.

அதுவும் வரப்பெறவில்லை. அதற்கடுத்த வாரம் இன்னும் கடுமையான நினைவூட்டல் வந்தது. இந்த முறை விளக்கம் எட்டு வரியில் இருக்கலாம் என்று அடிக்குறிப்பு போட்டிருந்தது. இதுவரை பதினேழு நினைவூட்டல்கள் ஆகிவிட்டன. கோப்பு மூடாததால் தண்டனை இல்லை. ஒவ்வொரு திங்கட்கிழமையும் கூர்மதி பொந்து வாசலில் உட்கார்ந்து, முள்ளெல்லாம் சலசலக்க, அடுத்த கண்டிப்புக்காகக் காத்திருக்கிறாள்.

நீதி: நல்ல கவிதை வரிசையை நிறுத்திவிடும், மோசமான கவிதை வரிசையை ஓட வைக்கும், ஆகையால் பொது நலனில் அக்கறை உள்ளவர்கள் தயவுசெய்து நன்றாக எழுதக் கூடாது.